பூச்சியாக்களின் முட்டை

வியாழக்கிழமைகளுக்கு நான் பயந்தேன். மற்ற நாட்களிலும் பயம் உண்டு. ஆனால் அவை பழகிய பயங்கள்: தொலைபேசி மணி, வானொலிச் செய்தி, ஊரிலிருந்து வந்தவர் வாயைத் திறக்கும் முன் தொண்டையைச் செருமுவது. வியாழனின் பயம் வேறு. மகள் பாடசாலை விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றி எறியும்போது அது தொடங்கும். தொலைக்காட்சியில் விண்வெளித் தொடர் முடிந்து, வாசலில் ஒரு கார் ஹோர்ன் அடித்து, ஒரு சிறுமி எங்கள் வீட்டை விட்டு வெளியேறும்வரை என் வயிற்றுக்குள் கிடக்கும்.

கடல் தாண்டிய நாடொன்றில், ரானுயி என்ற புறநகரில் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெறுமையாகிப் போன செய்தி வந்து ஓராண்டு ஆகவில்லை. வாடகைக்கு எடுத்த பலகை வீடு. மழை வந்தால் தகரக் கூரை பேசத் தொடங்கிவிடும், நாங்கள் பேசமுடியாது. கணவர் பின்னேரங்களில் டாக்சி ஓட்டினார். நான் ஹென்டர்சனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். அங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் என்னோடு இன்னொருத்தி இருந்தாள். அவளுடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. ஒரே உயரம், ஒரே மாதிரி இரட்டைப் பின்னல், ஒரே விண்வெளித் தொடரின்மேல் ஒரே பைத்தியம். அந்தச் சிறுமியின் வீட்டில் அந்த நேரம் தகப்பன் வேறு சனலில் செய்தி பார்ப்பாராம். அதனால் வியாழன்தோறும் எங்கள் வீட்டுக்கு வருவாள்.

அவர்கள் சிங்களவர்கள்.

வேலையிடத்துச் சாப்பாட்டறையில் நானும் அந்தத் தாயும் ஒரே மேசையில் இருப்போம். அவளுடைய சம்பலை நான் எடுப்பேன், என் கத்தரிக்காய்க் குழம்பை அவள் எடுப்பாள். பிள்ளைகள், வாடகை, முழங்கால் வலி, யார் எந்த ஷிஃப்டை மாற்றிக்கொள்வது, எல்லாம் ஆங்கிலத்தில் பேசுவோம். ஒன்றை மட்டும் பேசமாட்டோம். அந்த ஒன்றுக்குள்தான் நாங்கள் இருவரும் இந்த நாட்டில் இருப்பதற்கான காரணம் முழுவதும் இருந்தது.

பிறகு என் தம்பி வந்தான்.

அம்மாவை வன்னியில் உறவினரோடு விட்டுவிட்டு வந்தவன். வழியில் கொழும்பில் ஒரு லொட்ஜ், பிறகு ஏதோ ஒரு காவல் நிலையத்தின் பின்னறை. அந்த அறையைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. கதிரையில் முதுகு சாயாமல் அவன் இருக்கிற விதம் சொல்லியது. மனுகாவில் கோழி பதனிடும் இடமொன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. விடியும் முன் ஒரு ஃபிஜிக்காரரின் வான் வண்டியில் போவான், பின்னேரம் வந்து குளித்துவிட்டு, எங்கள் சோபாவின் ஓரத்தில் நேராக உட்கார்ந்து, விளங்காத ஆங்கிலத்தில் ஓடுகிற எதையாவது பார்ப்பான். பார்ப்பானா, அல்லது கண்ணைத் திறந்துகொண்டு வேறெங்காவது நிற்பானா, தெரியாது.

அவன் வந்த முதல் வியாழன் அந்தச் சிறுமி வந்தாள். எங்கள் ஆட்கள் ஒருவரைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வியைத் தம்பியும் கேட்டான்: எந்த ஊர், பிள்ளை? அதற்குப் பதில் வந்தால் அடுத்து எந்தத் தெரு, எந்தக் கோயிலடி, யாருடைய பிள்ளை. நாலு கேள்வியில் மனிதரை வரைபடத்தில் ஆணியடித்து நிறுத்திவிடுவோம். அந்தக் கேள்வியை மகள் அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். சிறுமி கொஞ்சமும் யோசிக்காமல், "ரானுயி" என்றாள்.

மகள் தரையில் உருண்டு சிரித்தாள். தம்பியும் சிரித்தான். இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவன் பல்லை அன்றுதான் கண்டேன். வேலையிடத்துச் சிநேகிதியின் மகள் என்று சொன்னேன். ஃபிஜி இந்தியப் பிள்ளையோ என்று கேட்டான். அடுப்பில் ரசம் பொங்கி வந்தது, அதைக் கவனித்தேன். சிறுமியின் சொந்தப் பெயரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மகள் அவளைப் பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயரால்தான் கூப்பிட்டாள், அதுவே அவனுக்கும் போதுமாயிருந்தது.

அந்தத் தொடரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு கப்பல், விண்வெளியில். அதன் கப்டன் நரை விழத் தொடங்கிய ஒரு பெண். அவர்களுடைய எதிரி பூச்சி போல ஓர் இனம்: சாம்பல் நிற ஓடு, முகமென்று எதுவுமில்லை, பேச்சு என்றால் காய்ந்த விதைகளைக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். கிரகம் கிரகமாக வந்து இறங்கும், வீடுகளை உருக்கும், போகும். மகள் தன் அரைகுறைத் தமிழில் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள்: பூச்சியாக்கள். மனிதர்களைச் சொல்கிற ஆக்கள் என்ற சொல்லை ஏன் அதில் சேர்த்தாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

தம்பிக்கு அந்தத் தொடர் பிடித்துப்போனது. ஆங்கிலம் தேவைப்படாத கதை. யார் ஓடுகிறார்கள், யார் துரத்துகிறார்கள் என்று தெரிந்தால் போதும். வியாழன்களில் சோபாவின் நடுவில் அவன், இரண்டு பக்கமும் இரண்டு பின்னல்கள், மடியில் ஒரு தட்டில் நான் பொரித்த ரோல்ஸ். சமையலறை வாசலில் நின்று பார்ப்பேன். பார்க்க அழகாயிருக்கும். அழகாக இருந்ததால்தான் பயம். தட்டு எப்போதாவது கைதவறும் என்பதைத் தவிர வேறெதையும் நினைக்கமுடியாமல் கண்ணாடித் தட்டை ஏந்திக்கொண்டு நடப்பதுபோல.

குளிர்காலத்தில் ஒரு வியாழன். அன்றைய கதையில் கப்டன் எதிரிகளின் கிரகத்துக்குள் ஒளிந்து இறங்கிவிடுகிறாள். நிலத்துக்கடியில் ஒரு பெரிய குகை, வெதுவெதுப்பான ஆறு, ஆற்றங்கரை முழுக்க முட்டைகள். அந்த இனத்தின் முட்டைகள் எல்லாம் அங்கேதான். அவள் கையில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் திரவம். ஆற்றில் கலந்துவிட்டால் எந்த முட்டையும் பொரிக்காது, இனி எப்போதும். யாரும் இன்றைக்குச் சாகப்போவதில்லை. நாளைக்கு யாரும் பிறக்கப்போவதில்லை, அவ்வளவுதான். அவள் குனிகிறாள். முட்டைகளுக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறது, அதே காய்ந்த விதைச் சத்தம், ஆனால் மெல்லியதாக. மூடியில் அவள் விரல். மிச்சம் அடுத்த வாரம்.

வீடு வெடித்தது. மகள் எழுந்து நின்று, அவள் ஊற்றக்கூடாது, அதுகள் குழந்தைகள் என்று ஆங்கிலத்தில் கத்தினாள். சிறுமி அதைவிடச் சத்தமாக, ஊற்றத்தான் வேண்டும் என்றாள். வகுப்பில் பொசம் என்ற மரவிலங்குகளைப் பற்றிப் படித்தார்களே, காட்டையும் பறவைக் குஞ்சுகளையும் தின்கிற பொசம்களைக் கொல்லவேண்டும் என்று ஆசிரியை சொன்னாரே, அதற்கு யாராவது அழுதார்களா? மகள் சொன்னாள், பொசம் கதைக்காது, பூச்சியாக்கள் கதைக்குது. சிறுமி சொன்னாள், கதைத்துக்கொண்டே வந்து எல்லாரையும் கொல்லுமே.

தம்பி என்ன சண்டை என்று கேட்டான். மகள் தமிழில் தடுக்கித் தடுக்கி விளங்கப்படுத்தினாள். அவன் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தான்.

"இதிலை என்ன யோசனை? போடச் சொல்லு. முட்டையைத்தான் முதல்லை முடிக்கோணும்."

"பேபீஸ், மாமா."

"இண்டைக்குப் பேபி. நாளைக்கு? குசினிக்கை கரப்பான் வந்தா உன்ரை அம்மா பேபியோ எண்டு பாத்தே அடிக்கிறவ?"

மகள் அதைச் சிறுமிக்குச் சொன்னாள். சிறுமிக்குப் பெரிய சந்தோஷம், தன் பக்கம் ஒரு பெரியவர் கிடைத்துவிட்டார். கையை நீட்டினாள். தம்பி அவள் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை அறைந்தான். "பாத்தியோ, இந்தப் பிள்ளைக்கு விளங்குது" என்று மகளைச் சீண்டினான். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள், என் தம்பியும் அந்தப் பிள்ளையும், ஒரு முட்டைகூட மிஞ்சக்கூடாது என்பதில் ஒரே மனதாக.

இந்தச் சத்தத்தில், கூரையில் மழையும் சேர்ந்ததில், வெளியே ஹோர்ன் அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. எப்போதும் வாசலோடு நிற்கிற அந்தத் தாய் அன்று காரை விட்டு இறங்கி, படியேறி, திறந்திருந்த கதவடியில் வந்து நின்றாள். தலைமுடியில் மழை. தன் மகளைப் பார்த்துத் தன் மொழியில் இரண்டு சொல் சொன்னாள். வா, போவோம். வேறொன்றுமில்லை.

தம்பி எழுந்தான்.

எழுந்தது அவன் அல்ல. அவனுக்குள் யாரோ எழுந்தார்கள். கால்கள் சேர்ந்தன. கை சட்டைப் பைக்குப் போனது, அங்கிருந்ததை வெளியே எடுத்தது, இரண்டு கைகளாலும் பிடித்து முன்னே நீட்டியது. அடையாள அட்டையல்ல, பஸ் பயணச்சீட்டு. பாதி ஓட்டை போட்ட, மங்கிய அட்டை. அதை நீட்டிக்கொண்டு, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, சிங்களத்தில் அவன் சொல்லத் தொடங்கினான். எனக்கு அந்த மொழி அதிகம் தெரியாது, ஆனால் கொழும்பு லொட்ஜின் தெருப்பெயர் விளங்கியது. என்ன வேலையாக வந்தேன், எங்கே தங்கியிருக்கிறேன், எப்போது திரும்புவேன். குரல் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற பையனுடையது. ரானுயியில், என் வீட்டு முன்னறையில், விளம்பரத்தில் யாரோ குளிர்சாதனப்பெட்டி விற்றுக்கொண்டிருக்க.

அவள் ஓர் அடி பின்னால் போனாள். இரண்டு அடி. அந்த முகத்தில் நான் கண்டதும் பயம்தான். எங்கள் ஆட்களில் ஓர் இளைஞன், ஒட்ட வெட்டிய தலை, விறைத்து நிற்கிறான், கையில் எதையோ எடுக்கிறான். அவளுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். யாரிடம், எதற்கு என்று தெரியாமல் திரும்பத் திரும்பக் கேட்டாள். தன் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். கார் விளக்குப் போடாமலே தெருமுனைவரை போனது.

தம்பி அட்டையைப் பைக்குள் திருப்பி வைத்தான். குளியலறைக்குப் போனான். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. வெளியே வந்து, துவாயால் கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அந்தப் பிள்ளை சிங்களமோ?"

"ஓம்."

"நான் அந்தப் பிள்ளையோடை சிரிச்சனான், அக்கா."

அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துக்கமாக இருந்திருக்கலாம். வெறும் ஆச்சரியமாகக்கூட இருந்திருக்கலாம். தெரியாததுதான் பயம். அந்த வாரம் முழுக்க என் சொந்தத் தம்பிக்கு நான் பயந்தேன். தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை, எச்சில் துடைத்த வாய். அவன் தண்ணீர் குடிக்க எழுந்தால் என் காது அவன் காலடியை எண்ணிக்கொண்டு போகும். மீன் வெட்டுகிற கத்தியை மேல் தட்டில் அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். பிறகு வெட்கப்பட்டு எடுத்தேன். பிறகு மறுபடியும் வைத்தேன். முட்டையைத்தான் முதல்லை முடிக்கோணும். அதை அவன் தொலைக்காட்சிப் பூச்சியைப் பார்த்துத்தானே சொன்னான்? எங்களைப் பற்றியும் எங்கேயோ ஒரு முன்னறையில், ரோல்ஸ் கடித்துக்கொண்டு, யாரோ இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சொன்னவர் நல்ல மனிதராகவும் இருந்திருப்பார், பிள்ளைகளோடு சிரிக்கிறவராக.

மகள் பாடசாலையிலிருந்து வந்து, சிநேகிதி வியாழக்கிழமை வரமாட்டாளாம் என்றாள். ஏன் என்று கேட்டாள். மற்றப் பாதியைப் பார்க்காமல் அவளால் எப்படி இருக்கமுடியும்? நான் அரிசி களையத் தொடங்கினேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதியோர் இல்லத்தில் அந்தத் தாய் தன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் புதன்கிழமை மத்தியானம், நான் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. ஆங்கிலத்தில், மிகவும் தணிந்த குரலில், உன் தம்பி அதில், இயக்கத்தில், இருந்தவனா என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லும்போதும் பொய் சொல்கிறவளின் வேர்வை எனக்கு வந்தது. அவள் நம்பினாளா? கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தன் அண்ணன் இராணுவத்தில் இருக்கிறான் என்றாள். இப்போது வடக்கில். எந்த இடம் என்று அவனுக்கு எழுத அனுமதி இல்லை.

எங்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் உப்புப் போத்தல் இருந்தது. இருவரும் அதையே பார்த்தோம். அவனுக்கு எதுவும் ஆகக்கூடாது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். என் அம்மா வன்னியில்.

எழும்போது சொன்னாள், நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நானும் உள்ளே இருப்பேன். பிள்ளை அழுது அழுது காய்ச்சல் வந்துவிட்டது, கதை எப்படி முடியும் என்று தெரியாமல் அவள் தூங்கமாட்டாள்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். வெளியே போகவேண்டுமென்றால் போ என்றேன். அவன் யோசித்துவிட்டு, இந்த மழையில் எங்கே போவது என்றான்.

அப்படித்தான் மறுநாள் நாங்கள் ஐந்து பேர் அந்த அறையில் இருந்தோம். அந்தத் தாய் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், மடியில் கைப்பை, கோட்டைக் கழற்றவில்லை. தம்பி சாப்பாட்டு மேசையடியில், எல்லாரிலும் தூரமாக. பிள்ளைகள் தரையில். நான் தேநீர் கொண்டுவந்தேன். யாரும் குடிக்கவில்லை. வழக்கமாக விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்போம், அன்று எல்லா விளக்கும் எரிந்தது.

கப்டன் ஆற்றங்கரையில் நிற்கிறாள். குகை அதே குகை. இப்போது ஒரு முட்டை அவள் கண் முன்னாலேயே விரிகிறது. உள்ளே இருந்தது என்னவோ எதிரிதான், ஆனால் ஈரமாக, கண் தெரியாமல், ஒரு காலை எடுத்துவைக்கத் தெரியாமல். அவள் குழாயை மூடுகிறாள். பைக்குள் போடுகிறாள். மகள் திரும்பிச் சிநேகிதியைப் பார்த்தாள், வென்ற முகம். அந்த முகம் சில நிமிடம்தான் இருந்தது. ஏனென்றால் கப்டன் தன் கப்பலுக்குத் திரும்பும் முன்னரே பூச்சியாக்களின் கப்பல்கள் ஒரு குடியேற்றத்தில் இறங்கிவிட்டன. வீடுகள் உருகின. ஒரு பாடசாலை. சின்னச் சின்ன சப்பாத்துகள் வரிசையாக வைத்திருந்த ஒரு வாசல். கப்டன் அதைத் திரையில் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கை அவள் பையின்மேல். கதை அங்கேயே முடிந்தது. இசை இல்லை.

அவள் ஊற்றியிருக்கவேண்டும் என்று எனக்குள் ஒன்று சொன்னது. சொன்ன வேகத்தைப் பார்த்து நடுங்கினேன்.

மகள் அழத் தொடங்கினாள். தான் சொன்னதுபோலத்தானே நடந்தது, பிறகு ஏன் இப்படி? அவளுக்கு யாராவது பதில் சொல்லவேண்டும். என்னைப் பார்க்கவில்லை. மேசையடியில் இருந்தவனைப் பார்த்தாள்.

"மாமா, நீங்கள் எண்டா? நீங்கள் கப்டன் எண்டா?"

கேள்வி தமிழில் இருந்தது. ஆனால் அந்த அறையில் அது விளங்காதவர் யாருமில்லை. கைப்பையின் வாரை அந்தத் தாய் விரலில் சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். போன வாரம் அவன் என்ன சொன்னான் என்று அவளுடைய பிள்ளை அவளுக்குச் சொல்லியிருப்பாள், கைதட்டினதையும் சேர்த்து. தம்பி மேசை விரிப்பில் ஒரு பூவைத் தடவிக்கொண்டிருந்தான். நான் மனதுக்குள் கெஞ்சினேன். பொய்யாகவாவது நல்லதைச் சொல்லிவிடு, தம்பி. சொல்லிவிடு.

"தெரியேல்லை" என்றான்.

பிறகு, யாரும் கேட்காமலே, நிமிர்ந்து, கதவடியில் இருந்தவளைப் பார்த்து அதையே சிங்களத்தில் சொன்னான். இந்தமுறை அவனுடைய சொந்தக் குரல். சாதாரணமான, களைத்த, கோழி வெட்டிவிட்டு வந்த குரல்.

அவள் கைப்பையின் வாரை விரலிலிருந்து அவிழ்த்தாள். தனக்கும் தெரியவில்லை என்றாள், ஆங்கிலத்தில், எங்கள் எல்லாருக்குமாக. இருவர் முகத்திலும் ஆறுதல் என்று எதுவும் இல்லை. ஒருவரையொருவர் அவ்வளவு நேராகப் பார்த்தவர்கள் உடனே வேறு பக்கம் திரும்பினார்கள். அவள் தேநீரை எடுத்து, ஆறிப்போனதை, முழுவதும் குடித்தாள். கோப்பையைச் சமையலறைவரை கொண்டுவந்து வைத்தாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த வியாழனுக்கு அவர்கள் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் ரோல்ஸ் பொரித்தேன். திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். கார் வந்தது. எஞ்சின் ஓடியபடியே, துடைப்பான்கள் இப்படியும் அப்படியும் ஆடியபடியே, யாரும் இறங்காமல் நின்றது. உள்ளே இரண்டு தலைகள் தெரிந்தன. பெரிய தலை சிறிய தலையிடம் ஏதோ சொன்னது. பின்பு ஒரு பக்கக் கதவு மட்டும் திறந்தது. சிறுமி ஓடி வந்து, படியேறி, சப்பாத்தைக் கழற்றி என் மகளின் சப்பாத்துக்குப் பக்கத்தில் எறிந்தாள். கார் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

அவள் தன் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றுபோல நான் பயந்ததில்லை. ஊரில் பதுங்குகுழிக்குள்கூட இப்படிப் பயந்ததில்லை, அங்கே பயம் வானத்திலிருந்து வரும், நாங்கள் கீழே இருப்போம். இங்கே பயம் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நான் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில், நிலைக்கதவில் தோளைச் சாய்த்து, அந்தத் தொடர் முடியும்வரை உட்காரவில்லை. அன்றைய கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் சிரித்தார்கள், சண்டை பிடித்தார்கள். தம்பி சோபாவுக்கு வந்தான், ஆனால் ஓரத்தில். சிறுமி தட்டை அவன் பக்கம் நீட்டினாள். எடுத்தான். அவன் கை நீண்டபோது என் உடம்பு முழுவதும் ஒருமுறை இறுகித் தளர்ந்தது. அவன் அதைக் கண்டான்.

ஹோர்ன் அடித்தது. நான் குடையைத் தேடினேன்.

"நீங்கள் கொண்டுபோய் விடுங்கோ, அக்கா" என்றான் தம்பி. "நான் வரேல்லை."

சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். கை எண்ணெய்ப் பசையோடு சூடாக இருந்தது. பொசம்களைப் பற்றியோ பூச்சிகளைப் பற்றியோ அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். தாய் உள்ளிருந்து எட்டிக் கதவைத் திறந்தாள். உள் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் தன் பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். நானும் பார்த்தேன். பிள்ளை முழுசாக இருந்தாள்.